உச்சிக்குழியின் துடிப்பும் ஐந்து கிராம் கையும்

குளிப்பாட்டிய கைக்குழந்தையைத் துண்டில் சுற்றி மடியில் கிடத்தும்போது, ஈரம் ஒட்டிய மயிருக்கு நடுவே உச்சந்தலையில் ஓரிடம் மெல்ல எழுந்து அடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் உச்சிக்குழி. எண்ணெய் வைக்கிற கை அந்த இடத்துக்கு வந்ததும் தானாகவே மெதுவாகிவிடும். மண்டை எலும்புகள் இன்னும் வந்து சேராத சாய்சதுர இடைவெளி அது. அங்கே மூளைக்குக் காவல் தோலும் கெட்டியான சவ்வும் மட்டுமே. அந்தத் துடிப்பு எங்கிருந்து வருகிறது? ஒன்று, ஒன்றரை வயதில் குழி மூடிக்கொண்டபின் அது எங்கே போகிறது?

இந்த இரண்டாவது கேள்விக்கு ஒரு சிகிச்சை முறை தனக்கென்று ஒரு பதில் வைத்திருக்கிறது. அதன் பெயர் கிரேனியோசேக்ரல் தெரபி. கிரேனியம் என்றால் மண்டையோடு. சேக்ரம் என்பது முதுகெலும்பின் அடியில், இடுப்பெலும்புகளுக்கு நடுவே ஆப்புப்போல் இறங்கியிருக்கும் எலும்பு. லத்தீனில் ‘புனிதமானது’ என்று அதற்குப் பெயர். தமிழிலும் அது திருவெலும்புதான். தலைமுதல் திருவெலும்புவரை தொட்டுச் செய்யும் சிகிச்சை என்பது பெயரின் பொருள். இந்தக் கட்டுரையில் இதைக் கபாலத் தொடுமுறை என்று அழைக்கிறேன். அமெரிக்காவில் பிறந்த இந்த முறை இன்று சென்னையிலும் ஆரோவில்லிலும் கூடக் கிடைக்கிறது.

அந்த முறையினர் சொல்வது இது: உச்சிக்குழி மூடினாலும் துடிப்பு நிற்பதில்லை. பெரியவர்களின் மண்டை எலும்புகளும் நிமிடத்துக்கு 6 முதல் 12 தடவை மிக மெல்ல விரிந்து சுருங்குகின்றன. பழகிய கைக்கு அது தெரியும். அந்தத் தாளம் தடைப்பட்டால் நோய், சீரானால் நலம்.

எனக்குப் பல ஆண்டுகளாகப் பிடரியில் கிளம்பி நெற்றிக்கு ஏறும் தலைவலி உண்டு. எங்கள் பகுதியில் பிசியோதெரபி பார்க்கும் அக்கா ஒருவர் இந்த முறையிலும் பயிற்சி பெற்றவர். அவரிடம் போனேன். மல்லாக்கப் படுக்கச் சொல்லி, முழங்காலுக்கு அடியில் தலையணை ஒன்றைச் செருகினார். தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முன்னங்கைகள் இரண்டையும் மேசைமேல் கிடத்திக்கொண்டார். கை அந்தரத்தில் நின்றால் அதன் நடுக்கமே தலைக்கு ஏறிவிடுமாம். நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டு என் தலையின் இருபக்கமும் வைத்தார். சுட்டுவிரல் கண்ணோரத்துக்குப் பின்னால், நடுவிரல் காதுக்கு முன்னால், மோதிரவிரல் காதுக்குப் பின்னால், சுண்டுவிரல் பிடரி எலும்பின் ஓரத்தில். கட்டைவிரல்கள் இரண்டும் உச்சிக்கு மேலே, தலையில் படாமல்.

வைத்தார் என்பதுகூடச் சற்று அதிகம். 5 கிராமுக்கு மேல் அழுத்தம் கூடாது என்பது இந்த முறையின் பால பாடம். 5 கிராம் என்பது ஒரு தேக்கரண்டித் தண்ணீரின் எடை. அந்த எடையை நெற்றியில் வைத்தால் ஈ உட்கார்ந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். அப்படியே பத்து நிமிடம் அசையாமல் இருந்தார். “இப்ப விரியுது தம்பி” என்று முணுமுணுத்தார். சிறிது கழித்து, “இப்ப அடங்குது.” எனக்கு எதுவும் விரியவும் இல்லை, அடங்கவும் இல்லை. ஆனால் மூச்சு நீண்டுகொண்டே போனது.

பிறகு இரு கைகளையும் என் பிடரிக்கு அடியில் செருகி, விரல்நுனிகளை மேல்நோக்கி நிமிர்த்தி, மண்டை முடிந்து கழுத்து தொடங்கும் பள்ளத்தில் நிறுத்தினார். “நீங்க தூக்காதீங்க. தலையை விட்டுடுங்க, என் விரல் தாங்கிக்கும்.” விட்டேன். முதலில் அந்த விரல்கள் கூழாங்கற்கள் போல உறுத்தின. மூன்று, நான்கு நிமிடம் போனதும் உறுத்தல் கரைந்தது. வெயிலில் வைத்த வெண்ணெய்போலத் தசை இளகி, தலை அவருடைய உள்ளங்கைக்குள் இறங்கியது. முக்கால் மணி நேரம் கழித்து எழுந்தபோது வலி பாதிக்குமேல் குறைந்திருந்தது.

வலி குறைந்தது என்பது ஒரு செய்தி. குறைந்ததற்கு அவர் சொன்ன காரணம் சரியா என்பது வேறொரு செய்தி. முதலாவதை நான் சொன்னால் நீங்கள் நம்பலாம், ஏனென்றால் வலி என்னுடையது. இரண்டாவதற்கு என் சொல்லோ அக்காவின் சொல்லோ போதாது. அதைச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும். சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்.

இந்த எண்ணம் முளைத்த இடம் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள கிர்க்ஸ்வில் என்ற சிற்றூர். எலும்பையும் தசையையும் கையால் சீர்ப்படுத்தும் ஆஸ்டியோபதி மருத்துவத்துக்கு ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892இல் அங்கே பள்ளி தொடங்கினார். அதில் படித்த வில்லியம் கார்னர் சதர்லாண்ட், 1899 வாக்கில், எலும்பு எலும்பாகப் பிரித்து மாட்டிவைத்த மண்டையோடு ஒன்றைப் பார்த்து நின்றுவிட்டார். காதுக்கு மேலே உள்ள பொட்டு எலும்பின் விளிம்பு சரிவாகச் சீவியதுபோல் இருந்தது. மீனின் செவுள் போல இருக்கிறதே, அப்படியென்றால் இது அசைவதற்காகச் செய்யப்பட்டதாகத்தானே இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணம் அவரை விடவே இல்லை. வார்களும் மெத்தைகளும் கொண்டு தம் தலையையே இறுக்கிச் சோதித்துப் பார்த்தார். 1939இல் ‘மண்டைக் கிண்ணம்’ என்ற பொருள்படும் தலைப்பில் சிறு நூலாக எழுதினார்.

அடுத்தவர் ஜான் அப்லெட்ஜர். 1970களின் தொடக்கத்தில் ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. நோயாளியின் கழுத்தில், தண்டுவடத்தைச் சுற்றிய டியூரா என்னும் வெளியுறையில், சுண்ணாம்புபோல் படிந்திருந்ததைச் சுரண்டி எடுக்க வேண்டும். அந்த உறையை அசையாமல் பிடித்துக்கொள்வது அப்லெட்ஜரின் வேலை. அவரால் முடியவில்லை. உறை தன்பாட்டுக்கு ஏறி இறங்கியது. அது இதயத் துடிப்போடும் மூச்சோடும் ஒத்துப்போகவில்லை என்று அவருக்குப் பட்டது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். 1983இல் பாடநூல் எழுதினார். 1985இல் ஃபுளோரிடாவில் பயிற்சி நிறுவனம் தொடங்கினார். ஆஸ்டியோபதி மருத்துவர்களின் கையில் மட்டும் இருந்த வித்தை மசாஜ் செய்பவர்கள்வரை பரவியது அவரால்தான்.

இருவருமே நேர்மையாகப் பார்த்தவர்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். மண்டையின் தையல்கள் உண்மை. உறையின் அசைவும் உண்மை. அந்த அசைவு எதனால் என்பதில்தான் சிக்கல்.

அதைப் புரிந்துகொள்ள உச்சிக்குழிக்கே திரும்பிப் போவோம். விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, மூடியை இறுகத் திருகிய தூக்குவாளி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இன்னொரு டம்ளர் தண்ணீரை ஊற்ற முடியுமா? உள்ளே இருப்பது கொஞ்சம் வெளியேறினால்தான் முடியும். மண்டையோடு அப்படிப்பட்ட வாளி. அதற்குள் மூன்று பொருள்கள் நெருக்கியடித்து இருக்கின்றன: மூளை, இரத்தம், மூளைத் தண்டுவடத் திரவம். ஒன்று கூடினால் மற்றொன்று விலகியே ஆகவேண்டும். எடின்பரோவில் அலெக்சாண்டர் மன்றோ 1783இலேயே இந்தக் கருத்தை முன்வைத்தார். ஜார்ஜ் கெல்லி 1824இல் பிணச்சோதனைகள் மூலம் அதை வலுப்படுத்தினார். நரம்பறுவை மருத்துவர்கள் இன்றும் அந்த இருவர் பெயரால்தான் அதைக் குறிப்பிடுகிறார்கள்.

மூன்றாவதாகச் சொன்ன திரவத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தண்ணீர்போலத் தெளிவானது. பெரியவர் ஒருவரிடம் எந்த நேரமும் இருப்பது ஏறத்தாழ 150 மில்லிலிட்டர், ஒரு காபி டம்ளர் அளவு. ஆனால் ஒரு நாளில் அரை லிட்டர் சுரக்கிறது. அதாவது பழையது வடிந்து புதியது நிரம்புவது நாளொன்றுக்கு மூன்று தடவைக்கும் மேல். 1,400 கிராம் எடையுள்ள மூளை இந்தத் திரவத்தில் மிதப்பதால் அதன் எடை வெறும் 50 கிராம் போல ஆகிவிடுகிறது. கிணற்றுக்குள் இருக்கும்வரை குடம் கனப்பதில்லை, தண்ணீர்மட்டத்தை விட்டு மேலே வந்ததும்தான் கயிறு கையை அறுக்கும். அதே கணக்குதான். இப்படி மிதக்காவிட்டால் மூளை தன் எடையாலேயே தன் அடிப்பகுதியை நசுக்கிக்கொள்ளும்.

இப்போது இதயம் ஒருமுறை துடிக்கிறது. தமனிகள் வழியாக இரத்தம் பொங்கி மூளைக்குள் வருகிறது. வாளியில் இடமில்லை. குழந்தைக்கு வாளியின் மூடியிலேயே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறதே, அது மேலெழும்புகிறது. உச்சிக்குழியின் துடிப்பு அதுதான். அழும்போது குழி விம்முவதும் இதனால்தான். நெஞ்சில் அழுத்தம் ஏறியதால் தலையிலிருந்து இரத்தம் இறங்கத் தாமதிக்கிறது. பெரியவர்களுக்கு மூடி முழுக்க எலும்பு. ஆகவே திரவம் கீழ்வாசல் வழியாக, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறைப்பைக்குள் நழுவி இறங்குகிறது. அந்தப் பைக்கு வெளியே கொழுப்பும் சிரைகளும் இருப்பதால் அது கொஞ்சம் விரிந்து கொடுக்கும். அடுத்த நொடி இரத்தம் வடிய, திரவம் திரும்ப ஏறுகிறது. ஆக, குழி மூடியபின் துடிப்பு எங்கே போகிறது என்ற கேள்விக்கு விடை, முதுகுக்குப் போகிறது என்பதே.

இது வெறும் ஊகம் இல்லை. எம்ஆர்ஐ கருவியில் திரவ ஓட்டத்தைப் படமெடுக்கும் முறை ஒன்று உண்டு. கழுத்துப் பகுதியில் அந்தப் படத்தை எடுத்தால், ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் திரவம் கீழே போய் மேலே வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆழமாக மூச்சை உள்ளிழுத்தால் திரவம் தலைப்பக்கம் ஏறுவதை ஜெர்மனியின் கோட்டிங்கன் ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். ஆழ்ந்த தூக்கத்தில் ஏறத்தாழ 20 வினாடிக்கு ஒருமுறை திரவம் பெரிய அலையாகப் புரள்வதை பாஸ்டன் ஆய்வாளர்கள் 2019இல் கண்டார்கள். படக்கருவி வருவதற்கு வெகுகாலம் முன்பே, இத்தாலியில் ஆஞ்சலோ மொஸ்ஸோ என்பவர், மண்டை எலும்பில் திறப்பு ஏற்பட்டிருந்த நோயாளிகளின் மூளைத் துடிப்பைச் சுழலும் உருளையில் கோடாகப் பதிந்து வைத்தார். இதயத்தின் அலை, மூச்சின் அலை, அவற்றுக்கும் மேலாக இரத்தக் குழாய்கள் சுருங்கி விரிவதால் வரும் மெதுவான அலை எல்லாம் அந்தக் கோட்டில் தெரிந்தன.

அந்த மெதுவான அலையைக் கவனிக்க வேண்டும். நம் எல்லோருக்கும் இரத்த அழுத்தம் ஏறத்தாழ 10 வினாடிக்கு ஒருமுறை லேசாக ஏறி இறங்குகிறது. அதாவது நிமிடத்துக்குச் சுமார் 6 தடவை. கபாலத் தொடுமுறையினர் சொல்லும் 6 முதல் 12 என்ற கணக்குக்குள் இது விழுகிறது! அப்படியானால் அக்காவின் விரல் உணர்ந்தது இந்த அலையைத்தானோ? நியாயமான கேள்வி. அவசரப்பட்டு ஒதுக்கக் கூடாது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. என் தலையில் அப்படி ஒரு தாளம் உண்மையில் இருக்குமானால், அக்கா எண்ணினாலும் வேறொருவர் எண்ணினாலும் எண்ணிக்கை ஒன்றாகவே வரவேண்டும். கைநாடியை நர்ஸ் பார்த்தாலும் டாக்டர் பார்த்தாலும் 72 என்றால் 72தான்.

இதற்குக் கணிப்பு ஒற்றுமை என்று பெயர் வைத்துக்கொள்வோம். இருவரின் கணிப்பு முழுக்கப் பொருந்தினால் 1, பொருத்தமே இல்லையென்றால் 0. 1994இல் பிசியோதெரபிஸ்டுகள் மூவர், 12 பேரின் தலையைத் தொட்டுத் தனித்தனியாக எண்ணினார்கள். ஒற்றுமை எண் பூஜ்யத்தை ஒட்டி வந்தது. ஒருவர் எண்ணி முடித்தபின் இன்னொருவர் எண்ணும்போது தாளமே மாறியிருக்கலாமே என்ற மறுப்பு எழுந்தது. அதுவும் நியாயம்தான். அதனால் 1998இல் இன்னும் கச்சிதமாக ஒரு சோதனை வைத்தார்கள். படுத்திருப்பவரின் இடுப்புக்கு மேலே, ஆஸ்பத்திரி வார்டில் தொங்குமே, அதுபோன்ற திரைச்சீலையைத் தொங்கவிட்டார்கள். ஒருவர் தலையைப் பிடித்தார், மற்றவர் அதே நேரத்தில் பாதத்தைப் பிடித்தார். தாளம் தலைமுதல் கால்வரை ஒன்றே என்பது இந்த முறையினரின் சொந்தக் கொள்கை. 28 பேரிடம் இப்படிச் செய்தார்கள். தலையில் எண்ணியவர்களுக்கு இடையே ஒற்றுமை 0.08. பாதத்தில் 0.19. ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் தலை சொன்ன கணக்கும் கால் சொன்ன கணக்கும் வேறு வேறாக இருந்தன. ஒரே ஆள் திரும்ப எண்ணியபோதுகூட அவருடைய முந்தைய கணக்கோடு சரியாகப் பொருந்தவில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்தச் சோதனைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு திரைச்சீலை, இரண்டு ஜோடிக் கைகள். அறிவியலில் எனக்கு மிகப் பிடித்தவை இப்படிப்பட்ட சோதனைகள்தான்.

எலும்பு அசைகிறதா என்ற கேள்வியையும் தனியாகப் பார்த்திருக்கிறார்கள். தலையிலும் முகத்திலுமாக 22 எலும்புகள். மூளையைச் சூழ்ந்த 8 எலும்புகள் சந்திக்கும் கோடுகளைத் தையல் என்கிறது உடற்கூறியல், லத்தீனிலும் அதே பொருள்தான். இரண்டு ஓரங்களும் பற்களைக் கோத்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கும். இடையே நார்த்திசு. பிரசவப் பாதையில் தலை நசுங்கி வெளிவரவும், முதல் ஆண்டுகளில் வேகமாகப் பெருக்கும் மூளைக்கு இடம்விட்டு மண்டை வளரவும் தையல்கள் உதவுகின்றன. வயது ஏற ஏற அவை இறுகுகின்றன. சில தையல்கள் முதுமைவரை முழுக்க எலும்பாவதில்லை என்பது உண்மைதான். ஆனால் சதர்லாண்டின் கொள்கைக்கு அச்சாணி மண்டையின் அடித்தளத்தில் இருக்கும் ஒரு மூட்டு. பட்டாம்பூச்சி வடிவ ஸ்பீனாய்டு எலும்பும் பிடரி எலும்பும் அங்கே சந்திக்கின்றன. அந்த மூட்டு கீல்போல மடங்கி விரிகிறது என்றார் அவர். பருவ வயது முடிவதற்குள் அந்த இடம் முழுக்க இறுகி ஒரே எலும்பாகிவிடுகிறது. நாற்பது வயதுக்காரரின் தலையில் அங்கே கீல் கிடையாது.

2006இல் மயக்க மருந்து கொடுத்த முயல்களின் நெற்றி எலும்பை, கபாலத் தொடுமுறையில் தூக்குவதுபோலவே, 5, 10, 15, 20 கிராம் விசைகளால் இழுத்துப் பார்த்தார்கள். தையல் அசைந்ததா என்று ஒருபுறமும், மண்டைக்குள் அழுத்தம் மாறியதா என்று மறுபுறமும் அளந்தார்கள். இரண்டிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மனித மண்டையோ முயலின் மண்டையைவிடப் பலமடங்கு தடிமனானது.

ஆக, தேக்கரண்டித் தண்ணீர் எடையுள்ள தொடுகை பெரியவர்களின் மண்டை எலும்பை நகர்த்துவதில்லை. இதைத் தயக்கமில்லாமல் சொல்லலாம். இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே, “அப்ப என் கைக்குத் தெரியறது என்ன தம்பி?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு 1853இலேயே ஒரு விடை கிடைத்திருக்கிறது. அப்போது லண்டனில் மேசை சுற்றுவது பெரிய பரபரப்பு. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கைகளை மேலே வைப்பார்கள். சிறிது நேரத்தில் மேசை நகரும். ஆவி நகர்த்துகிறது என்றார்கள் சிலர், மின்சாரம் என்றார்கள் சிலர். மின்சாரத்தின் தந்தை என்று நாம் பாடத்தில் படிக்கும் மைக்கேல் ஃபாரடே இதைச் சோதிக்க முன்வந்தார். உட்கார்ந்தவர்கள் நாணயமானவர்கள், ஏமாற்றுகிறவர்கள் அல்ல என்பது அவருக்குத் தெரியும். அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே இளகிய பசை தடவி, மேசைக்கும் கைக்கும் இடையே வைத்தார். மேசை கையை இழுத்தால் அடி அட்டை முதலில் நகரும். கை மேசையைத் தள்ளினால் மேல் அட்டை முதலில் நகரும். மேல் அட்டைதான் நகர்ந்திருந்தது. பிறகு கையின் அசைவைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு முள்ளை எல்லோர் கண்ணிலும் படும்படி பொருத்தினார். முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தவரை மேசை நகரவே இல்லை.

மனம் எதிர்பார்க்கும் அசைவைத் தசை தானாகவே, நமக்குத் தெரியாமலேயே, துளித்துளியாகச் செய்துவிடுகிறது. இதை நினைப்பசைவு எனலாம். கிணறு தோண்ட இடம் பார்ப்பவர் கையில் கவட்டைக் குச்சி திரும்புவதும் இதனால்தான். விரல் தலையில் இருக்கும்போது அதன் நுனியில் தொடுபவரின் சொந்த நாடி அடிக்கிறது, அவருடைய மூச்சு தோள்வழியாக இறங்குகிறது, படுத்திருப்பவரின் மூச்சும் நாடியும் கீழிருந்து வருகின்றன. இத்தனைக்கும் நடுவே ‘விரியும், அடங்கும்’ என்ற எதிர்பார்ப்பு. இவை சேர்ந்து நெய்யும் தாளம் ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொன்றாக இருப்பதில் வியப்பில்லை. அக்கா உணர்ந்தது பொய்யில்லை. அது என் மண்டை எலும்பின் அசைவு இல்லை, அவ்வளவே.

அப்படியானால் என் வலி ஏன் குறைந்தது? எனக்கு உண்மையில் ஆவலூட்டும் பகுதி இதுதான்.

இரண்டாவது பிடியை நினைத்துப் பாருங்கள். விரல்நுனிகள் பிடரிப் பள்ளத்தில் நின்றன, தலை அவற்றின்மேல் கிடந்தது. பெரியவர் ஒருவரின் தலை ஏறத்தாழ 5 கிலோ. அந்த எடையின் பெரும்பகுதி எட்டு விரல்நுனிகள்மேல் இறங்குகிறது. அக்கா அழுத்தவில்லைதான், ஆனால் என் தலை அழுத்திக்கொண்டிருந்தது. 5 கிராம் கணக்கு இந்தப் பிடியில் செல்லாது. மண்டையின் அடியையும் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளையும் இணைக்கும் நான்கு ஜோடிச் சிறு தசைகள் அங்கேதான் இருக்கின்றன. தலையின் நிலையை நொடிக்கு நொடி மூளைக்குச் சொல்லும் உணர்விகள் அவற்றில் மிக அடர்த்தி. மணிக்கணக்கில் செல்போனை நோக்கியோ கணினித் திரையை நோக்கியோ தாடையை நீட்டி உட்கார்ந்தால் இறுகுபவை இவைதான். இவற்றில் ஒரு தசை, எலும்புகளுக்கு இடையே நீளும் இணைப்புத் திசு வழியாக, டியூரா உறையோடேயே தொடர்பு கொண்டிருப்பதை மேரிலாண்ட் ஆய்வாளர்கள் 1995இல் விவரித்தார்கள். தலைவலியில் அந்த இணைப்புக்கு என்ன பங்கு என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஆனால் இறுகிய தசைமேல் சில நிமிடம் நிலையான, இதமான அழுத்தம் இருந்தால் அது தளர்கிறது என்பதற்கு மண்டை எலும்பு அசைய வேண்டிய தேவையில்லை.

தொடுகைக்கென்றே தனி நரம்புகளும் உண்டு. தொட்டது கல்லா துணியா என்று விரைந்து சொல்பவை தடித்த நரம்பிழைகள். இவற்றோடு, மயிர் முளைக்கும் தோலில், செய்தியை நொடிக்கு ஒரு மீட்டர் என்ற நடைவேகத்தில் கொண்டுபோகும் மெல்லிய இழைகளும் இருக்கின்றன. ஸ்வீடனில் வால்போ, ஓலௌசன் முதலியோர் இவற்றை ஆராய்ந்தார்கள். நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், உடல் சூட்டில் உள்ள கை வருடும்போது இவை மிகுதியாகக் கிளர்கின்றன. தூங்கவைக்கும் தாயின் கை குழந்தையின் தலைமேல் போகும் வேகம் அது. இவை கொண்டுபோகும் செய்தி, தொட்டது எது என்பதைவிட, தொட்டது இதமாக இருக்கிறதா என்பதைச் சொல்லும் மூளைப் பகுதிக்கே முதன்மையாகப் போகிறது. கபாலத் தொடுமுறையில் கை வருடுவதில்லை, நிலைத்து நிற்கிறது. ஆகவே எல்லாப் பெருமையையும் இந்த இழைகளுக்குக் கொடுத்துவிட முடியாது. ஆனாலும் சூடான கை, அரையிருள், முக்கால் மணி நேரம் யாரும் எதுவும் கேட்காத அமைதி, தன்மேல் முழுக் கவனத்தோடு ஒருவர் இருக்கிறார் என்ற உணர்வு. இவை மூச்சையும் நாடியையும் தணிக்கும். வலியைப் பெரிதாக்குவதில் பதற்றத்துக்குப் பங்கு உண்டு என்பதால் வலியும் தணியும்.

நோயாளிகளிடம் சோதித்தபோது என்ன வந்தது? 2016இல் ஜெர்மனியின் எஸ்ஸன் ஆய்வாளர்கள், நாட்பட்ட கழுத்துவலி உள்ள 54 பேரைக் குலுக்கல்போல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒருமுறை, 8 வாரம் கபாலத் தொடுமுறை. மறு பிரிவுக்கு அதேபோல் மென்மையாகத் தொடும் போலிச் சிகிச்சை. முதல் பிரிவுக்கு வலி அதிகமாகக் குறைந்தது. 2020இல் 10 சோதனைகளை, 681 நோயாளிகளை ஒன்றாகச் சேர்த்த தொகுப்பாய்வும் நாட்பட்ட வலிக்குப் பலன் உண்டு என்றது. 2024இல் வெளியான தொகுப்பாய்வுகளோ தெளிவான பலன் தெரியவில்லை என்று முடித்தன. இந்த வகைச் சோதனைகளில் ஓர் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. மாத்திரை என்றால் மருந்து எது, சர்க்கரை உருண்டை எது என்று கொடுப்பவருக்கும் தெரியாமல் செய்யலாம். இங்கே தொடுபவருக்குத் தாம் செய்வது அசலா போலியா என்பது தெரியும். நம்பிக்கையோடு தொடும் கையும் கடமைக்குத் தொடும் கையும் படுத்திருப்பவருக்கு ஒன்றாக இருக்காது.

என் முடிவு இது. நாட்பட்ட தலைவலி, கழுத்துவலி உள்ள ஒருவர், மருத்துவரிடம் காட்டி ஆபத்தான காரணம் இல்லை என்று தெரிந்தபின், இந்தத் தொடுகையை நாடினால் நான் தடுக்க மாட்டேன். நானே மறுபடி போயிருக்கிறேன். ஆனால் எலும்பு நகர்கிறது, திரவத்தின் தாளம் திருத்தப்படுகிறது என்ற கதையைச் சிகிச்சை தருபவர்கள் கைவிட வேண்டும். ஏனென்றால் அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டுதான் ஆட்டிசம், வலிப்பு என்று கை எட்டாத நோய்களுக்கெல்லாம் வாக்குறுதி கொடுக்கப்படுகிறது. அங்கே வீணாவது பணம் மட்டுமில்லை. குழந்தைக்குப் பயிற்சி தொடங்க வேண்டிய காலமும் போய்விடுகிறது. அக்கா இப்போது தம்மிடம் வருபவர்களிடம், “கழுத்துத் தசை தளரும், மனசு அமைதியாகும், அதுக்கு மேல நான் எதுவும் சொல்லமாட்டேன்” என்கிறார். வருகிறவர்கள் குறையவில்லை.

தலையில் அண்மையில் அடிபட்டவர்கள், மூளையில் இரத்தக்கசிவோ பக்கவாதமோ வந்தவர்கள், மூளைத் தமனியில் வீக்கம் இருப்பவர்கள், மண்டைக்குள் அழுத்தம் கூடியிருப்பதாக மருத்துவர் சொன்னவர்கள், எவ்வளவு மென்மையான கையாக இருந்தாலும் இதற்குப் படுக்கக் கூடாது. திடீரென்று நொடியில் உச்சத்தைத் தொடும் தலைவலி, காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வரும் தலைவலி, பேச்சுக் குழறலோடு வரும் தலைவலி ஆகியவற்றுக்குப் போகவேண்டிய இடம் அவசர சிகிச்சைப் பிரிவு.

கைக்குழந்தையின் தலையை உருட்டிவிடுகிறேன், குழியைச் சரிசெய்கிறேன் என்று யார் வந்தாலும் விடாதீர்கள். எண்ணெய் வைக்கும்போது மெதுவாக வைத்தால் போதும், அந்தச் சவ்வு அதைத் தாங்கும். ஆனால் குழந்தை அழாமல், நிமிர்ந்து உங்கள் தோளில் இருக்கும்போதும் உச்சிக்குழி விம்மி இறுகி நின்றால், அல்லது வழக்கத்துக்கு மாறாக உள்ளே குழிந்து போனால், அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். விம்மி நிற்பது மண்டைக்குள் அழுத்தம் கூடியதைக் காட்டலாம். குழிந்து போவது உடம்பில் நீர் வற்றியதைக் காட்டலாம்.